குழிக்கூட்டத்து எழுத்துக்காரனுக்கு

போலகம்,
10.1.1978

பாண்டிச்சேரிப் பட்டணத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து உத்தியோகம் பார்க்கும் என் அருமைத் தம்பி பூமிநாதனுக்கு, அக்கா அல்லி எழுதிக்கொள்வது.

நான் உயிரோடுதான் இருக்கிறேன். புயல் அடித்த மறுவாரம் "நலமா" என்று ஒரு கார்டு போட்டாய். அதோடு உன் கை ஓய்ந்துவிட்டது. சர்க்கார் பேனாவில் அக்காவுக்கு எழுதக்கூடாது என்று சட்டமா?

நம் வீட்டுக் கூரை பறந்துபோய்க் கீழத்தெரு அமுதத்தின் மொட்டைத் தென்னை மேல் உட்கார்ந்திருந்தது. அவள் மாடு செத்த துக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். "அமுதம், பத்து வருஷமா காய்க்காத உன் மரம் இப்ப என் கூரையைக் காய்ச்சிருக்கு பாரு" என்றேன். அழுதுகொண்டே சிரித்து, அப்புறம் சிரித்ததற்காக இன்னொரு பாட்டம் அழுதாள். இப்போது புதுக் கீற்று போட்டாகிவிட்டது. உன் பெண்டாட்டி வடிவாம்பாளிடம் சொல், அவள் வந்தால் நனையாமல் படுக்க ஒரு மூலை இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றுமுகத்தில் நம் கிளிஞ்சல் குழிகள் நாற்பத்திரண்டும் கடல்மணல் ஏறி மூடிக் கிடக்கின்றன. எல்லை காட்டும் முளைக்குச்சி ஒன்றுகூட மிச்சமில்லை. எது யார் குழி என்று கடவுளுக்குத் தெரியும். அவருக்கு அடுத்தபடி உனக்குத் தெரியும். பதினாலு வயதிலிருந்து குழிக்கூட்டத்துக்கு நீதானே எழுத்துக்காரன்? எந்தக் குழி எந்த முளையிலிருந்து எத்தனை முழம், எந்த அமாவாசையில் யாருக்கு என்ன தீர்ப்பு, எல்லாம் உன் நோட்டில் இருக்கிறது. கிழிந்துபோயிற்று, புது நோட்டில் எடுத்து எழுதித் தருகிறேன் என்று டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனாய். மூன்று வருஷம் ஆகிறது. ராமாயணத்தையே எழுதி முடித்திருக்கலாம்.

நேற்று அமாவாசை. புயலுக்குப் பிறகு கூட்டம் ஒழுங்காகக் கூடியது நேற்றுதான். கூட்டமா அது? ஒரே மணல்திட்டை நாலு பேர் காட்டி "என்னுது, என்னுது" என்கிறார்கள். கூட்டத்தை நடத்தும் குழிமணியம் சுப்ராயன் பெரியப்பா காதைப் பொத்திக்கொண்டார். "பூமி நோட்டு வரட்டும்டா. அதுல உள்ளபடிதான். அதுவரைக்கும் எவனும் மண்வெட்டி எடுக்கக்கூடாது" என்று எழுந்துவிட்டார். சுண்ணாம்புக் காளவாய்க்காரர் காதர் பாட்சா அண்ணன் என்னைப் பார்த்து, "அல்லி, உன் தம்பி நம்மளையெல்லாம் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டான்" என்றார். "அவன் பெட்டியில நீங்க இருந்தா அவன் பொண்டாட்டி எப்பவோ வெளிய எறிஞ்சிருப்பா" என்றேன்.

என் குழியை மட்டும் கண்ணைக் கட்டி விட்டாலும் காட்டுவேன். உங்க அத்தானை இழுத்துக்கொண்ட இடம் எனக்கு மறக்குமா? ஆனால் நான் காட்டினால் போதாது. நோட்டு சொல்ல வேண்டும். மாசி அமாவாசைக்குள் கொண்டுவா. உனக்குப் பிடித்த கருவாடு கட்டி வைத்திருக்கிறேன். பூனைக்கும் எனக்கும் தினம் சண்டை.

மூணாம் கிளாஸ் எழுத்தைப் பொறுத்துப் படித்துக்கொள்ளும் தம்பிக்கு,
உன் அக்கா,
அல்லி


பாண்டிச்சேரி,
24.1.1978

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வடிவாம்பாளுக்கு வாசித்துக் காட்டினேன். மாட்டுக்காக அழுவதா, கூரைக்காகச் சிரிப்பதா என்று கேட்டாள். ஒரு நல்ல சேதி: அவளுக்கு மூன்றாவது மாதம். முதலில் உனக்குத்தான் சொல்கிறேன். நீ அத்தையாகப் போகிறாய். ஊர் முழுக்கத் தண்டோரா போடாதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய்!

நோட்டு பத்திரமாக இருக்கிறது. பாதி எடுத்து எழுதிவிட்டேன். பழைய பக்கங்கள் தொட்டால் உதிர்கின்றன. தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. நானே கொண்டு வருகிறேன். ஆபீசில் இப்போது லீவு கேட்க முடியாத நிலைமை. என் வேலை இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரம் ஆகிற பட்டியலில் பெயர் இருக்கிறது என்கிறார்கள். பங்குனியில் கட்டாயம் வருவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மணலில் வெறுங்காலோடு நிற்காதே.

அன்புத் தம்பி,
பூமிநாதன்


போலகம்,
11.3.1978

என் தம்பிக்கு, பிறக்கப்போகும் மருமகப்பிள்ளைக்கும் சேர்த்து, அத்தைக்காரி எழுதுவது.

தண்டோரா போடவில்லை. போலகத்தில் மட்டும்தான் சொன்னேன். பட்டினத்துக்கும் நிரவிக்கும் அதுவாகவே போய்விட்டது. அம்பகரத்தூர் காளிக்கு எலுமிச்சம்பழ மாலை நேர்ந்திருக்கிறேன்.

இனி கேலியை வைத்துவிட்டு எழுதுகிறேன். நீ நம்பமாட்டாய். ஆற்றுமுகத்தில் ஒருவர் வந்து நாலு மூலையிலும் கல் நட்டுவிட்டார். வெளியூர்க் குத்தகைக்காரர். சர்க்காரில் ஏலம் எடுத்த காகிதம் காட்டுகிறார். "இங்க குழின்னு எதுவும் இல்லையே, வெறும் மணல்தானே" என்கிறார். புயல் மூடியதை, குழியே இருந்ததில்லை என்கிற மாதிரி பேசுகிறார். சுப்ராயன் பெரியப்பா போய், "ஐயா, இது நாங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து வெட்டற இடம்" என்றார். "எங்க எழுதியிருக்கு?" என்றார் அவர். எழுதியிருப்பது உன் பெட்டியில்.

கோர்ட்டில் வழக்குப் போட்டாயிற்று. காரைக்காலில் வக்கீல் வைத்திருக்கிறோம். நல்ல மனுஷர். "உங்க கூட்டத்துக்கு என்ன வழக்கம், ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்று பேனாவைத் திறந்தார். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன்.

புதுக் குழி வேண்டுமென்றால் இடுப்பளவு தோண்டி, அதில் நின்றபடி மண்வெட்டியை வீச வேண்டும். அது விழுகிற இடம் வரை அவனுக்கு. முளை அடித்து மூன்று அமாவாசை வெட்டாமல் போட்டால் குழி கூட்டத்துக்குத் திரும்பும். அடுத்தவன் கரையைக் குடைந்தால் அவன் கூடை ஒரு மாதம் கவிழும், வெட்டக்கூடாது. குழி ஒருத்தனை விழுங்கினால், அந்தக் குழி அவன் பெண்டாட்டிக்கு ஆயுசு முழுக்க. முளையில் மஞ்சள் துணி கட்டிவிட்டால் யாரும், அவன் கூடப்பிறந்தவனே ஆனாலும், தொடக்கூடாது.

வக்கீல் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதெல்லாம் யார் போட்ட சட்டம்மா?" என்றார். "யாரும் போடலைங்க. மீறினவங்க போட்டது. ஒவ்வொருத்தன் ஒரு அக்கிரமம் பண்ணப் பண்ண ஒரு வழக்கம் வந்துச்சு" என்றேன். வக்கீல் சிரித்துவிட்டார். நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஒரு குழித் தகராறு கோர்ட்டுக்குப் போய், வெள்ளைக்கார நீதிபதி "குழி வழக்கைக் குழிக்காரர்களே தீர்த்துக்கொள்ளட்டும்" என்று திருப்பி அனுப்பினாராமே, பத்திரம் பதிகிற நொத்தேர் முத்திரை வைத்த அந்தக் காகிதம் உன் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது என்று சொன்னேன். வக்கீல் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அந்த நோட்டும் அதை எழுதினவரும் வந்தா பாதி ஜெயிச்ச மாதிரி" என்றார்.

பூமி, நீ வர வேண்டும். உனக்கு அப்போது ஒன்பது வயது. குழிக்கரை சரிந்து அவர் போன மூன்றாம் நாள், உங்க அத்தானின் அண்ணன்மார் குழிக்கு வந்து, பிள்ளை இல்லாதவளுக்குக் குழி எதற்கு, தம்பியைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போகட்டும் என்றார்கள். பிறந்த ஊரில் நமக்கு யார் இருந்தார்கள்? கூட்டம்தான் கூடி மஞ்சள் துணி கட்டிக் கொடுத்தது. பாவாடை வயசு மாறாத உன் அக்கா அன்றைக்குத்தான் மனுஷியானாள். நீ படித்த ஒவ்வொரு கிளாசும் அந்தக் குழியிலிருந்து கூடையில் ஏறி வந்ததுதான். சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன். அக்காவுக்கு அந்த உரிமை இல்லையா?

நோட்டோடு வா.

உன் அக்கா,
அல்லி


பாண்டிச்சேரி,
5.4.1978

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எழுத நாலு நாள் ஆயிற்று. நீ கோபப்படாமல் படிக்க வேண்டும்.

ஆபீசில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் போலகத்துக்காரன் என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. குத்தகைக்காரர் தரப்பில் என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள். நான் கேட்டு வாங்கவில்லை அக்கா. சர்க்கார் சோற்றைத் தின்றுகொண்டு சர்க்கார் கொடுத்த குத்தகைக்கு எதிராகப் பேச முடியுமா என்று மேலதிகாரி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நிரந்தரப் பட்டியல் அவர் மேஜையில் இருந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

எந்தப் பக்கம் கூப்பிட்டால் என்ன, உள்ளதைத்தான் சொல்வேன். நோட்டை நானே கையில் கொண்டு வருகிறேன். இந்த விஷயம் பெரியப்பாவுக்குத் தெரிய வேண்டாம். நீயும் கோர்ட்டுக்கு வராதே. வெயில் தாங்காது.

வடிவாம்பாளுக்கு வாந்தி நின்றுவிட்டது. மாங்காய் கேட்கிறாள்.

உன் தம்பி,
பூமிநாதன்


போலகம்,
22.6.1978

தம்பி பூமிநாதனுக்கு அக்கா எழுதுவது.

வெயில் தாங்காது என்றாய். தாங்கிவிட்டது. இருபது வருஷம் குழியில் நின்ற உடம்பு, கோர்ட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தால் உருகிவிடுமா?

முதலில் உன்னைப் பார்த்ததைச் சொல்கிறேன். இளைத்திருக்கிறாய். சட்டைக்கு இஸ்திரி போட்டவர் காலரை மட்டும் மறந்துவிட்டார். கையில் ஒரு தோல்பை. நோட்டு அதற்குள் இருக்கிறது என்று அமுதத்தின் தொடையைக் கிள்ளினேன். அவளுக்கு இன்னும் கன்றியிருக்கிறது.

என்னைத்தானே முதலில் கூண்டில் ஏற்றினார்கள். குமாஸ்தா, "புருஷன் பேர் என்னம்மா?" என்றார். "அதை நான் எப்படிங்க சொல்றது?" என்றேன். "சொல்லித்தான் ஆகணும்." "தங்கம் இருக்குல்லீங்க, அதோட ஒரு அய்யனைச் சேர்த்துக்குங்க" என்றேன். அவர் தங்கமய்யர் என்று எழுதி உரக்க வாசித்தார். கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தான் அய்யராகிவிட்டார் பார் என்று உன்னைத் திரும்பிப் பார்த்தேன்.

ரேஷன் கடையோ, பள்ளிக்கூடமோ, எங்கே யார் கேட்டாலும் நீதானே எனக்கு முன்னால் ஓடி, "எங்க அத்தான் பேரு தங்கையன்" என்று சொல்வாய்? அன்றைக்கு நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கடைசியில் காதர் பாட்சா அண்ணன் எழுந்து சொன்னார்.

அப்புறம் நீ ஏறினாய். குத்தகைக்காரரின் வக்கீல் கேட்டார்.

"குழிக்கூட்டம்னு ஒண்ணு உண்டா?"

"ஊர்ல நாலு பேர் கூடிப் பேசிக்குவாங்க. அவ்வளவுதாங்க."

"தீர்ப்பு எழுதற நோட்டு?"

"அப்படி எதையும் நான் பார்த்ததில்லைங்க."

ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ங்க' போட்டாய். மரியாதையாகத்தான் சொன்னாய். வளர்ப்பில் ஒரு குறையும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். சுப்ராயன் பெரியப்பா ஜன்னலோரம் இடம் கொடுத்தார். எழுபத்தைந்து வயது மனுஷர், கம்பியைப் பிடித்துக்கொண்டு போலகம் வரை நின்றார்.

பூமி, பயந்துவிட்டாய். எனக்குப் புரிகிறது. சின்னதில் இடி இடித்தால் என் முந்தானைக்குள் புகுந்துகொள்வாய். வயிற்றுப்பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு வேலை போனால் என்ன செய்வாய்? எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். ஒன்று கேள். தீர்ப்பு ஜூலை ஏழாம் தேதி. அதற்குள் நோட்டு கிடைத்தால் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மனுப் போடுவேன் என்கிறார் வக்கீல். தபாலில் போட்டுவிடு. அனுப்புபவர் பேர் எழுதாதே. குதிருக்கு அடியில் கிடந்தது என்று நான் சத்தியம் பண்ணுகிறேன். பாவம் எனக்கு வரட்டும். எனக்கு அதைச் சுமக்கத் தெம்பு இருக்கிறது.

தினமும் தபால்காரர் மருதையனை வழிமறிக்கிறேன். "அல்லி அக்கா, நீங்க பாக்கற பார்வைக்கு நான் வேற தெரு வழியாத்தான் போகணும்" என்கிறார்.

உன் அக்கா


பாண்டிச்சேரி,
14.7.1978

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூன் முப்பதாம் தேதி வடிவாம்பாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எட்டாம் மாதக் கடைசியிலேயே வந்துவிட்டாள். ஆனாலும் இருவரும் நலம்.

தீர்ப்பு வந்ததைக் கேள்விப்பட்டேன். வழக்குத் தள்ளுபடி. நான் நோட்டை அனுப்பவில்லை. இரண்டு முறை தபாலாபீஸ் வாசல் வரை போனேன். அதில் எல்லாப் பக்கமும் என் கையெழுத்து அக்கா. பார்த்ததே இல்லை என்று சத்தியம் பண்ணியவனின் கையெழுத்து. அது கோர்ட்டுக்குப் போனால் வேலை போவதோடு நிற்காது. எரித்துவிடலாம் என்று அடுப்படிக்கும் கொண்டு போனேன். முடியவில்லை. பெட்டியிலேயே இருக்கிறது.

நான் செய்தது தப்பு. ஆனால் நோட்டு வந்திருந்தாலும் நாம் ஜெயித்திருப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை. மண்ணுக்குக் கீழே இருப்பது சர்க்காருக்குச் சொந்தம் என்கிறார்கள். எப்படியும் ஒருநாள் போகிற குழிதான்.

போனது போகட்டும். நீ இங்கே வந்துவிடு. வேலை நிரந்தரமாகிவிட்டது. ஒரு அறை கூடுதலாக உள்ள வீடு பார்த்திருக்கிறேன். குழந்தையை நீ வளர்க்க வேண்டும், என்னை வளர்த்த மாதிரி. ஊரில் என்ன பேசுவார்களோ என்று யோசிக்காதே. அந்தக் கூட்டமே இனி இல்லை. இல்லாத ஒன்றுக்கு யார் பதில் சொல்ல வேண்டும்?

வருகிறேன் என்று ஒரு வரி எழுது. நானே வந்து அழைத்துப் போகிறேன்.

உன் தம்பி,
பூமிநாதன்


போலகம்,
5.8.1978

பூமி,

பெண் பிறந்தது மகாலட்சுமி வந்த மாதிரி. மூக்கு யாரைப்போல? உன்னைப்போல என்றால் தினம் குளிப்பாட்டும்போது பிடித்து நீவிவிடச் சொல். உனக்கு நீவ எனக்கு நேரமில்லாமல் போய்விட்டது, அதன் பலனை நீ இன்றைக்கும் முகத்தில் தூக்கிக்கொண்டு அலைகிறாய்.

நேற்று ஆடி அமாவாசை. காலையில் அத்தானுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு நான் கூட்டத்துக்குப் போனேன். ஆமாம், கூட்டம் கூடியது. ஆற்றுமுகத்தில் முள்வேலி போட்டுக் காவலுக்கு ஆள் வைத்திருப்பதால், காதர் பாட்சா அண்ணன் காளவாய் மேட்டில் கூடினோம். காளவாய் அணைந்து கிடக்கிறது. நாற்பத்திரண்டு குழிக்காரர்களில் ஒன்பது பேர் வந்தார்கள். மற்றவர்கள் குத்தகைக்காரரிடம் கூலிக்கு வெட்டப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. நானும் அடுத்த வாரம் போகிறேன். என் குழியிலேயே என்னைக் கூலிக்கு விடுவாரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

"கூட்டமே இல்லைன்னு கோர்ட்டு சொல்லிடுச்சே பெரியப்பா, எதுக்கு வரச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு வழக்கு பாக்கி இருக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

முளையைப் பிடுங்கி மாற்றி நட்டுவிட்டு, நான் நடவில்லை என்று கூட்டத்தில் பொய்ச் சத்தியம் பண்ணியவனுக்குப் பிரெஞ்சுக்காரன் காலத்தில் என்ன தீர்ப்புச் சொன்னார்கள் என்று நீதான் பழைய ஏட்டிலிருந்து பார்த்து எழுதினாய். சுண்ணாம்பு மறுப்பு. ஊர் முழுக்கச் சுண்ணாம்பு சுடுகிறோம். ஆனால் அவன் கைநீட்டினால் வெற்றிலைக்கு ஒரு பொட்டுச் சுண்ணாம்பு யாரும் வைக்கமாட்டார்கள். பேச்சு கிடையாது. வெளியூரில் இருந்தால் போக்குவரத்து, கடிதம், சேதி கிடையாது. கூடப்பிறந்தவர்களுக்கும் அதேதான். அந்த மனுஷன் இருபத்தாறு வருஷம் வெறும் பாக்கும் வெற்றிலையும் மென்றே செத்தானாம்.

"பூமிநாதனுக்காக யார் பேசறது?" என்று கேட்டார் பெரியப்பா.

நான் எழுந்தேன். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அல்லி ஏதாவது சொல்வாள், சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடலாம் என்று அவர்களுக்கும் ஆசைதான் போலிருக்கிறது. இந்த வாய் என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை. அத்தானைத் தோண்டி எடுத்த அன்றுகூட, "குளிச்சிட்டு வாங்கன்னு காலையிலயே சொன்னேன், கேட்டாரா?" என்று ஏதோ உளறினேனாம். நேற்று ஒன்றும் வரவில்லை. உன்னைப் பற்றிச் சொல்ல எனக்கு எவ்வளவோ இருக்கிறது, அத்தனையும் நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது நடந்தது.

கூடப்பிறந்தவர் "சரி" சொல்லாமல் சுண்ணாம்பு மறுக்க முடியாது. அதுவும் வழக்கம். பெரியப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அல்லி, நீ வேணாம்னு சொல்லு. விட்டுடுவோம். எழுத நோட்டுமில்ல, எழுத்துக்காரனுமில்ல. யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க. பிள்ளை பொறந்திருக்கு, போய்ப் பாரு" என்றார். அவர் என்னை வேண்டிக்கொண்டார் பூமி. உனக்காக இல்லை, எனக்காக.

நீ எழுதியிருந்ததும் அதுதானே? கூட்டமே இல்லை, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று. யோசித்துப் பார்த்தேன். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்றைக்கே பஸ் ஏறியிருக்கலாம். தடுக்க யாருமில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மூக்கை நீவிவிட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அப்படி வந்தால், நீ கூண்டில் சொன்னது நிஜமாகிவிடும். நாலு பேர் கூடிப் பேசிக்கொண்டது, அவ்வளவுதான் என்று ஆகிவிடும். அப்படியானால் அன்றைக்கு எனக்கு மஞ்சள் துணி கட்டியது யார்? நம் இரண்டு பேரையும் தெருவில் நிற்காமல் வைத்தது எது? நீ பயத்தில் சொன்னாய். நான் ஆசையில் சொன்னால் மட்டும் பொய் இல்லையா?

"சரி" என்றேன். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தரம் யாருக்கும் கேட்கவில்லை.

இன்றைக்கு விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து மறுப்புத் தொடங்குகிறது. அதுவரைக்கும் எழுதலாம் என்று பெரியப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். மருதையன் நாலு மணிக்குத் தபால் கட்டு எடுத்துக்கொண்டு போவார்.

தீர்ப்பை நோட்டில் ஏற்ற வேண்டும். நோட்டு உன்னிடம் இருக்கிறது. எழுத்துக்காரனும் நீதான், உன்னை அந்த வேலையிலிருந்து யாரும் நீக்கவில்லை. ஆகையால் எடுத்து எழுதிக்கொள். கோணாமல் எழுது.

"காளயுக்தி வருஷம் ஆடி மாதம் அமாவாசை. காளவாய் மேடு. குழிமணியம் சுப்ராயன், காதர் பாட்சா முதலிய ஒன்பது பேர் கூடினது. போலகம் பூமிநாதன், கூட்டத்தையும் நோட்டையும் இல்லை என்று பொய் சொன்னதற்குச் சுண்ணாம்பு மறுப்பு. கூடப்பிறந்தவள், தங்கையன் பெண்டாட்டி அல்லி, சம்மதித்தாள்."

பார், அவர் பேரை எழுதிவிட்டேன். சொல்லத்தான் கூடாது, எழுதலாம் என்று வைத்துக்கொள்வோம்.

இதோடு ஒரு வசம்புக் கயிறு வைத்திருக்கிறேன், பிள்ளை கையில் கட்டச் சொல். வயிறு உப்பினால் வசம்பைச் சுட்டு உரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவ வேண்டும், நாக்கில் வைக்கக்கூடாது. எட்டாம் மாதக் குழந்தை, தலை நின்றபிறகும் ஒரு மாதம் கூடவே தாங்கிப் பிடியுங்கள். வடிவாம்பாளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக்கொடு. நீ வைத்தால் உப்புக் கூடும், அவளையே பார்த்துப் போட்டுக்கொள்ளச் சொல்.

மருதையன் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்கிறார். "மெதுவா எழுதுங்கக்கா" என்கிறார். ஒருநாளும் அப்படிச் சொல்லாத மனுஷர்.

பிள்ளைக்குப் பேர் வைத்ததும் எனக்கு எழுதிவிடாதே. எழுதினால் வாங்கிப் படித்துவிடுவேன். படித்தால் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியாது.

அக்கா